சில்லைக் காட்டு

மே 8, 2022, ஞாயிறு

இன்று வால்பாறைச் சந்தையில் பழைய சாமான் கடை சேவியரைக் கைத்தடியால் அடித்தேன். தாடையில் ஒன்று, காதோரம் ஒன்று. அவன் திருப்பி விட்டது ஒரே குத்துதான். எனக்கு மிச்சமிருந்த முன்பல் இரண்டில் ஒன்று போய்விட்டது. எழுபத்தேழு வயதில் அது பெரிய நட்டமில்லை. அவனுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை, காதில் ரத்தம்.

காரணம் ஒரு தட்டு. ரோஜாப்பூப் போட்ட வெள்ளைக்காரப் பீங்கான் தட்டு. அதன் நட்டநடுவில் துளை போட்டு, முள் மாட்டி, கடிகாரமாக்கிச் சுவரில் தொங்கவிட்டிருந்தான்.

"டூரிஸ்ட்டுங்க இப்படித்தான் கேக்கறாங்க பெருசு. வெறும் தட்டை எவன் வாங்குவான்?"

"நெஞ்சுல ஓட்டை போட்டுட்டியேடா," என்றேன். அடித்தது அதற்குப் பிறகு.

விலக்கிவிட்டவர்கள் தட்டை என் கையில் கொடுத்து, "இதை வச்சுக்கிட்டுப் போய்ச் சேரும்" என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

இதை எழுதுவது பாக்கியம், பக்கத்து லைன் வீடு. எங்கள் மஞ்சம்பாறை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் முப்பது வருடம் ஆயாவாக இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றவள். என்னைச் சித்தப்பா என்பாள். எனக்கு எழுத்து தெரியாது. நினைவு உண்டு. எந்தத் தட்டு எந்த வருடம் யார் வீட்டு அலமாரியில் கிடைத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் போனால் அதுவும் போய்விடும். அதனால் மத்தியானத்தில் வந்து, நான் சொல்லச் சொல்ல எழுது என்று கேட்டேன். வந்தாள்.

"பூப்போட்ட தட்டுக்காகப் பல்லை உடைச்சுக்குவாங்களா சித்தப்பா?"

"அழகா இருக்குல்ல."

இதோடு பத்து. பத்தும் ஒரே மாதிரி. நடுவில் மலர்ந்த ரோஜா ஒன்று, சரிந்த மொட்டு இரண்டு, சுற்றிலும் நீலத்தில் பொடிப்பூ, விளிம்பில் தங்கக் கோடு. காம்பில் முள்கூட வரைந்திருப்பான். பின்பக்கம் ஒரு கிரீடம், அதன் கீழே வளைந்த எழுத்து. எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வளைவை இருட்டில் தடவிச் சொல்வேன். இன்னும் இரண்டு வேண்டும்.

"ஏன் பன்னெண்டு?"

"செட்டு அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே சுருக்குப்பையில் என்ன துழாவுகிறீர்கள், பாக்குத்தான் மெல்ல முடியாதே என்று சிரித்தாள். இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.

கைநாட்டு வைத்தேன்.

மே 10, செவ்வாய்

மேல் பங்களாவில் நான் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை. அப்போது வெள்ளைக்காரத் துரை இருந்தார். ரோஜாத் தட்டு பன்னிரண்டும் துரைசாணியம்மாவின் பிறந்தவீட்டுச் சீர், கப்பலில் வைக்கோல் சுற்றி வந்தவை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், வெளியூர்த் துரைமார் விருந்து, இதற்குத்தான் வெளியே எடுப்பார்கள். கழுவித் துடைத்து அடுக்கியதும் அந்தோணி பட்லர் வந்து ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டுவார். டிங் என்றால் நல்ல தட்டு. டக் என்றால் எங்கோ விரிசல், யாருக்கோ உதை.

பங்களாவில் ஒரு சட்டம். சாமான் உடைந்தால் அத்தனை சில்லையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்ப் பட்லரிடம் காட்ட வேண்டும். அவர் தரையில் பொருத்திப் பார்ப்பார். முழுசாகப் பொருந்தினால் கூலியில் பிடித்தம், அதோடு சரி. சில்லைக் காட்டாவிட்டால் உடைந்தது என்ற பேச்சே இல்லை. திருட்டு. நீ கள்ளன்.

நான் முதல் வருடமே சாஸர் ஒன்றை உடைத்தேன். சில்லைக் காட்டினேன். கூலி போயிற்று. துரைக்குத் தெரியாமல் பட்லர் தன் பங்குக்கு அடுப்பில் காய்ந்த கரண்டியை என் இடது மணிக்கட்டில் வைத்தார். தோல் கரண்டியோடு போய்விட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது.

இதைச் சொன்னபோது பாக்கியம் எழுதுவதை நிறுத்தினாள். பேனா முனை தாளைக் கிழித்திருந்தது. பேனா சரியில்லை என்றாள்.

பேனா நன்றாகத்தான் இருக்கிறது. அவளுடைய அப்பா இருளப்பண்ணனைத் தட்டுக்கள்ளன் என்று அடித்துக் கொன்ற எஸ்டேட் இது. அவளுக்கு அப்போது நான்கு வயது. அவளை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை எடுத்திருக்கக் கூடாது.

மே 12, வியாழன்

மழை. பல் இருந்த இடத்துக்கே நாக்கு போய்ப்போய் நிற்கிறது.

மே 14, சனி

மேல் பங்களாவை யாரோ ரிசார்ட் கட்ட எடுத்திருக்கிறார்கள். ஜேசிபி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஏறிப் போனேன். சமையல்கட்டை நேற்றே தள்ளிவிட்டார்கள். பின்னால் இருந்த காய்கறித் தோட்டத்தில் நீச்சல்குளம் வரப்போகிறதாம். தோட்டத்து மூலையில் நார்த்தை மரம் நின்றது. அதைச் சுற்றிச் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள்.

"இந்த மரத்தை எப்பப் பிடுங்குவீங்க?"

மேற்பார்வைக்கு நின்ற தயாளன் என்ற ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன் தாத்தா, ஊறுகாய் போடணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். கல்லை எடுத்து ஜேசிபி கண்ணாடியில் வீசினேன். குறி தப்பவில்லை. கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. தயாளன் என் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து சரிவில் தள்ளினான். இரண்டு தேயிலை வரிசை உருண்டேன். தேயிலைக்குச்சி கிழித்ததில் முதுகெல்லாம் கோடு.

பாக்கியம் மஞ்சள் அரைத்துப் போட்டாள். "மரத்துக்கா இந்தச் சண்டை?"

"நான் வச்ச மரம்," என்றேன்.

நான் வைத்ததில்லை. அது வெள்ளைக்காரன் வைத்த மரம். "அதையும் எழுதட்டுமா?" என்றாள். எழுது என்றேன்.

மே 17, செவ்வாய்

இன்று நான் பேசவில்லை. அவள் பேசினாள். அவள் பேசியதை அவளையே எழுதச் சொன்னேன்.

அவள் அப்பா செத்த பிறகு, திருடிய தட்டு வீட்டில்தான் எங்கோ இருக்கிறது என்று அம்மா நம்பினாள். அது கிடைத்தால் பங்களாவில் கொடுத்துவிட்டுக் காலில் விழலாம் என்று எண்ணம். லைன் வீட்டின் மண்தரையைக் கடப்பாரையால் தோண்டினாள். கூரைத் தகரத்தைப் பெயர்த்தாள். இரண்டு வருடம் தேடியும் ஒன்றும் அகப்படாத ஆத்திரத்தில் பிள்ளையை அடித்தாள். "எங்கடி வச்சான் உங்கப்பன்? உனக்குத் தெரியும், சொல்லு!" ஆறு வயதுப் பிள்ளையின் தலையைச் சுவரில் மோதியிருக்கிறாள். பாக்கியத்தின் இடது புருவம் பிளந்திருப்பது அதனால்தான். நான் இத்தனை நாள் கீழே விழுந்ததாக நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் 'தட்டுக்கள்ளி' என்று கூப்பிட்ட ஒருத்தியின் காது மடலைக் கடித்துத் துப்பியிருக்கிறாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பந்தி முடிந்ததும் எவர்சில்வர் தட்டுகளை அவள் கண் முன்னால் எண்ணினார்களாம். பிள்ளைக் காம்பராவில் முதல் வருடம் டம்ளர்களுக்குப் பூட்டு.

"அப்பா எடுத்திருந்தாலும் எடுத்திருப்பாரு சித்தப்பா. இல்லாத கொடுமை. நான் கோவிச்சுக்கல. எங்கே வச்சாருன்னு சொல்லிட்டுச் செத்திருக்கலாம், அவ்வளவுதான்."

எனக்கு முன்னால் டீ இருந்தது. கிளாஸோடு சுவரில் அடித்தேன்.

"என்ன சித்தப்பா!"

"கை நழுவிருச்சு."

மே 22, ஞாயிறு

பதினோராவது தட்டு கிடைத்தது. கீழ் டிவிஷன் மாரியம்மன் கோயிலில். இத்தனை வருடமாக அந்தக் கோயிலுக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். சாமி மேல் எனக்குக் கோபம் இருந்தது. இன்று என்னவோ போனேன். பூசாரி குருசாமி விபூதித் தட்டை என் முன் நீட்டினார், விளிம்பில் தங்கக் கோடு. விபூதியைத் தள்ளிப் பார்த்தேன். ரோஜா.

"பீங்கான்ல விபூதி குடுத்தா ஆத்தா கோவிக்காதா?"

"முப்பது வருஷமா கோவிக்கல. நீ ஏன்யா கோவிக்கிற?"

பங்களா ஏலத்தில் அவருடைய அப்பா எடுத்ததாம். என் வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக்கொண்டேன். தரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் ஆத்தா சந்நிதியிலேயே அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். அவருக்கும் அது தெரிந்துவிட்டது போல. வாங்கியவர் இரண்டடி தள்ளித்தான் நின்றார்.

பதினொன்றையும் தரையில் பரப்பினேன். சுண்டிப் பார்த்தேன். துளை போட்டது மட்டும் டக் என்றது.

மே 25, புதன்

"அப்பாவை அடிச்சப்ப நீங்க இருந்தீங்கதானே? இதுவரை நான் கேட்டதில்லை. இப்பச் சொல்லுங்க," என்றாள் பாக்கியம்.

சொன்னேன். 1967, கிறிஸ்துமஸ். மத்தியான விருந்து. தட்டு பன்னிரண்டும் மேசைக்குப் போயின. நான்கு மணிக்குப் பட்லர் எண்ணினார், பதினொன்று. சில்லு எங்கே என்றார். சில்லு இல்லை. அன்று சமையல்கட்டுக்கு வந்துபோன வெளியாள் யார் என்று பார்த்தார்கள். விறகு கொண்டுவந்த இருளப்பண்ணன். விறகைக் கொட்டிவிட்டு, காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனதைப் பட்லர் பார்த்திருந்தார்.

கங்காணி வீரணன் ஆட்களோடு போய் அவரை லைனிலிருந்து இழுத்து வந்தான். கொழுந்து நிறுக்கிற கொட்டகைத் தூணில் சாத்தினார்கள். தூண் பருமன், கயிறு எட்டவில்லை. ஆளுக்கொரு கையாக இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். கொய்யா மிலாறைத் தண்ணீரில் ஊறவைத்து அடித்தான். மிலாறு முறிந்ததும் தராசுச் சங்கிலி. முதலில் தோல் வெடித்தது. பிறகு விலா. விலா முறியும் சத்தம், பச்சை விறகு அடுப்பில் வெடிக்குமே, அது மாதிரி. காதிலிருந்து ரத்தம் வந்தபோது நிறுத்தினான். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். மரம் சாய்ந்து செத்ததாக ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள்.

"கையைப் பிடிச்சது யாரு யாரு?"

"செத்துட்டாங்க."

"பேரு?"

"மறந்துபோச்சு."

அவள் என்னையே பார்த்தாள். எண்பத்திரண்டில் வாங்கிய தட்டு எந்த அலமாரியில் இருந்தது என்று சொல்கிறவன் நான்.

மே 27, வெள்ளி

பாக்கியத்துக்குக் காய்ச்சல் என்கிறாள். வாசலில் நின்றபடியே இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போகிறாள்.

மே 30, திங்கள்

நார்த்தை மரம் போயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி அதை வேரோடு மல்லாத்திவிட்டு அடுத்த வாய் மண் அள்ளிக்கொண்டிருந்தது. குழிக்குள் குதித்தேன். டிரைவர் இறங்கி வந்து, "சாகணும்னா வேற எங்காச்சும் போ தாத்தா," என்று கையைப் பிடித்து இழுத்தான். நல்ல பையன்தான். நான் மண்ணைப் பிறாண்டிக்கொண்டே இருந்தேன். வேரடியில் தகரம் கையில் தட்டுப்பட்டது. பிஸ்கட் டின். துரு தின்று ஓட்டையாகிக் கிடந்தது. உள்ளே ஆறு சில்லு. ரோஜாவின் சிவப்பு அப்படியே இருந்தது.

"புதையல்டோய்!" என்று தயாளன் கையை நீட்டினான். தரவில்லை. என் கழுத்தில் காலை வைத்து மிதித்தான். வாயெல்லாம் சேறு. டிரைவர் குறுக்கே வந்து டின்னைப் பிடித்தான். கைக்கு வந்த சில்லால் கிழித்தேன். தயாளனைக் கிழிக்க நினைத்தேன், நடுவில் வந்த டிரைவரின் முழங்கைதான் கிழிந்தது. எலும்பு தெரிந்தது. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஐம்பத்தைந்து வருடம் ஆகியும் நான் செய்ததற்கு வேறு ஒருவன் ரத்தம் சிந்துகிறான்.

கிழவனுக்குப் பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள்.

"சில்லு எப்படி அந்த மரத்தடிக்கு வந்துச்சு சித்தப்பா?" என்றாள் பாக்கியம்.

"நாளன்னைக்கு வா. பெரிய நோட்டா எடுத்துட்டு வா."

ஜூன் 1, புதன்

பதினோரு தட்டையும் வரிசையாக வைத்தேன். பன்னிரண்டாவது இடத்தில் டின்னை வைத்தேன். எழுது பாக்கியம். நடுவில் நிறுத்தாதே.

அன்று தட்டை உடைத்தது நான். மருதை. சோப்பு வழுக்கிக் கல்தொட்டியின் விளிம்பில் பட்டு ஏழாக உடைந்தது. சில்லைப் பொறுக்கினேன். பட்லரிடம் போகத்தான் இரண்டடி எடுத்துவைத்தேன். அடுப்பில் கரண்டி கிடந்தது, நுனி சிவந்து. மணிக்கட்டுத் தழும்பு எரிந்தது. திரும்பிவிட்டேன். விருந்து அமளியில் தட்டை எண்ண மாட்டார் என்று ஒரு புத்தி. டின்னில் போட்டு நார்த்தை மரத்தடியில் புதைத்தேன்.

நிமிர்ந்தால் உன் அப்பா நிற்கிறார், தலையில் விறகோடு. என் கையில் மண். "என்னடா மருதை, நார்த்தைக்கு உரமா?" என்று சிரித்தார். அவர் சிரிப்பு உன்னுடையது மாதிரியே இருக்கும்.

கொட்டகையில் வீரணன் என்னைப் பார்த்து, "இந்தக் கையை நீ பிடி" என்றான். பிடித்தேன். இன்னொரு கையைப் பிடித்தவன் செத்துவிட்டான். நான் சாகவில்லை. முதல் அடி விழுந்ததும் உன் அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மண்ணும் தட்டும் மரமும். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. "மருதை, நீ சொல்லுடா," என்றார். அவருக்காக என்னைச் சாட்சி கூப்பிடுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் எனக்கு நேரம் கொடுத்தார், பாக்கியம். நானே வாயைத் திறப்பேன் என்று சங்கிலி அடி முழுக்கக் காத்திருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் பிடியை இறுக்கினேன். அவர் கை நழுவாமல் இருக்க என் நகம் அவர் சதையில் இறங்கியிருந்தது.

துரை ஊருக்குப் போனபோது சாமானெல்லாம் ஏலத்தில் சிதறிப்போனது. அன்றிலிருந்து தட்டைத் தேடினேன். பன்னிரண்டையும் மறுபடி ஒரே இடத்தில் வைத்துவிட்டால், எதுவும் குறையவில்லை, யாரும் எடுக்கவில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். மடையன். பன்னிரண்டாவது என் கையால் உடைந்தது, அது எந்த வீட்டு அலமாரியில் கிடைக்கும்?

உன் அப்பா கள்ளனில்லை.

எழுதி முடித்துவிட்டாள். இந்த முறை தாள் கிழியவில்லை. பேனாவை மூடப் போகிறாள். கைநாட்டு வைக்கிறேன்.

ஜூன் 5, ஞாயிறு

பாக்கியம் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். "முடிச்சிருவோம்," என்றாள். சித்தப்பா என்று கூப்பிடவில்லை.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பேனாவை மூடிவிட்டு, "எந்தக் கை?" என்றாள். வலதை நீட்டினேன். தன் வீட்டுக்குப் போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசற்படிக் கல்லில் கையை வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

"இழுத்துக்கமாட்டியே?"

"மாட்டேன்."

ஒரே போடு. மூன்று விரல். அதே பச்சை விறகுச் சத்தம். பிறகு பதினோரு தட்டையும் துவைகல்லில் ஒவ்வொன்றாக வீசி உடைத்தாள். நாற்பது வருடத்துத் தேட்டம், வெற்றிலை மடிக்கிற நேரத்தில் தூள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று எழுது என்றேன். "பொய்," என்றாள். சரி, ஐந்தாவது தட்டுக்கு அழுதேன்.

அவளே துணி கட்டி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். எப்படி ஆயிற்று என்று நர்ஸ் கேட்டதற்கு, "நான்தான் அடிச்சேன், எழுதிக்குங்க," என்றாள். நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, குழவி தவறி விழுந்தது என்று எழுதிக்கொண்டாள். அன்று ஆபீஸ் தாளில் சாய்ந்த மரம் மாதிரி.

இன்று ஞாயிறு, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். "எந்திரி. டின்னை எடு," என்றாள். இடது கையில் டின்னோடு அவள் பின்னால் போனேன். லைனில் பாதி வீடு இப்போது வடக்கத்திப் பிள்ளைகள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது, அவர்களை விட்டுவிட்டோம். தெரிந்த வீடு நான்குதான் மிச்சம். ஒவ்வொரு வாசலிலும் சில்லைக் கொட்டி, "உடைச்சது நான். மறைச்சது நான். இருளப்பண்ணன் கையைப் பிடிச்சதும் நான்," என்று சொன்னேன். ஒரு வீட்டில் காறித் துப்பினார்கள். துடைக்கவில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். திறக்கும் வரை பாக்கியம் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசி வீடு செல்லாயி. பாக்கியத்தின் அம்மா வாசலில் வந்து நின்றாலே செம்புத் தவலையை உள்ளே எடுத்து வைத்தவள். வயது எண்பத்தைந்துக்கு மேல். பங்களாவில் துணி துவைத்தவள், சட்டம் தெரியும். தரையில் உட்கார்ந்து ஆறு சில்லையும் பொருத்தினாள். ரோஜா கூடிவந்தது. விளிம்பில் ஓர் இடம் பிளந்து நின்றது.

"ஒரு சில்லு குறையுதே. குறைஞ்சா சில்லு காட்டினதா ஆகாது. உனக்குத் தெரியும்ல?"

பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இருளப்பண்ணன் முகத்தில் பார்த்திருக்கிறேன். காத்திருக்கிற பார்வை.

சுருக்குப்பையை அவிழ்த்தேன். சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியிலிருந்து ஏழாவது சில்லை எடுத்து வைத்தேன். புதைத்த அன்று மடியில் ஒட்டிக்கொண்டு தப்பியது. அவர் கையைப் பிடித்து நின்றபோது என் இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. ஐம்பத்தைந்து வருடம் விரல் பட்டுப் பட்டுத் தங்கக் கோடு அழிந்துவிட்டது. ஓரமெல்லாம் மழுங்கிவிட்டது. மொட்டு ஒன்று மட்டும் மிச்சம்.

பொருந்தியது.

செல்லாயி பொருந்திய இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். பாக்கியத்தின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"ஏண்டா மருதை, இதை அன்னிக்கே காட்டியிருந்தா உனக்கு என்னடா ஆயிருக்கும்?"

"மூணு நாள் கூலி," என்றேன். "கையில ஒரு சூடு."